படுக்கையும் நடையும்

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



பல்கலைக்கழகத்தில் இயன்மருத்துவம் பயிலும் மாணவராகிய எம்மை அழைத்து, அப்படிப்பின் இயல்பையும் பயனையும் இச்சபையில் எடுத்துரைக்கும்படி சங்கத்தார் பணித்தனர். கற்றறிந்த பெரியோர் முன்னிலையிற் பேசுதற்குச் சிறியேமாகிய எமக்குத் தகுதி போதாதெனினும், நம்மவர் வீடுகளில் நாடோறும் அன்பின் பெயரால் நடைபெறும் ஒரு காரியத்தைப் பற்றிச் சொல்லாமலிருத்தல் தகாது என்று எண்ணியே இப்பணியை ஏற்றுக்கொண்டோம். அக்காரியம் இன்னதென்பது போகப்போக விளங்கும்.

"பிசியோதெரப்பி" என்று பலரும் ஆங்கிலப் பெயராலே வழங்குவதைத் தமிழில் இயன்மருத்துவம் என்கின்றோம். இதனைப் படிக்கின்றோம் என்று ஊரிற் சொன்னால் எமக்குக் கிடைக்கும் மறுமொழி பெரும்பாலும் இரண்டு வகைப்படும். "எண்ணெய் பூசி உருவிவிடுகிற வேலையோ?" என்பது ஒன்று. "கறண்ட் பிடிக்கிறதுதானே?" என்பது மற்றொன்று. இரண்டும் முழுப்பொய் அல்ல. கையால் நீவுதலும் மின்கருவிகளும் இத்துறையில் உள்ளனவே. ஆயினும், அடுப்படியில் அகப்பையைக் கண்டவர் சமையல் என்றால் அகப்பை பிடித்தல் என்று சொல்வதை ஒக்கும் இது. இயன்மருத்துவத்தின் உயிர்நிலை அசைவே. நோயாளியின் உடலுக்குப் பிறர் செய்வது சிறிது. அவர் தம் உடலைக்கொண்டு தாமே செய்வது பெரிது. மருந்தை வைத்தியர் கொடுக்கலாம். சத்திரசிகிச்சையை அதற்குரியவர் செய்யலாம். ஒருவருக்காக இன்னொருவர் நடந்து கொடுத்தல் இயலாது.

வரலாற்றைச் சுருங்கச் சொல்லி அப்பாற் செல்வோம். சுவீடன் நாட்டின் தலைநகராகிய ஸ்டொக்ஹோமில் 1813 ஆம் ஆண்டு பேர் ஹென்றிக் லிங் என்பவர் தேகப்பயிற்சிக்கென அரச நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். போர்வீரருக்குப் போலவே நோயாளருக்கும் பயிற்சியை முறைப்படுத்திக் கொடுக்கலாம் என்பது அவர் கொள்கை. யாம் கற்ற மிஷன் பாடசாலையிலே காலை வெயிலில் வரிசையாக நிறுத்திச் செய்வித்த "ட்றில்" என்பதன் மூலங்களுள் ஒன்று இவருடைய முறையே என்று பின்னர் அறிந்தபோது, அக்காலத்தில் அதனை எத்துணை வெறுத்தோம் என்பதை நினைந்து சிரித்தோம். பின்னர் 1894 இல் இலண்டனில் தாதியர் நால்வர் கூடி, உடலை நீவும் தொழிலின் நற்பெயரைக் காத்தற்கு ஒரு சங்கம் அமைத்தனர். இரண்டு உலகப் போர்களும் கைகால் ஊனமுற்றோரை ஆயிரமாயிரமாக ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பின. தொழிலும் அதனோடு வளர்ந்தது. நீவுவோர் சங்கமாகத் தொடங்கிய அதுவே 1944 இல் இயன்மருத்துவர் சங்கம் என்ற பெயரைப் பெற்றது. பெயர் மாறியதிலேயே கருத்தும் மாறிய கதை அடங்கியிருக்கின்றது.

இனி, நாம் எல்லோரும் மருந்தென்று நம்பியிருக்கும் ஒன்றைப் பற்றிப் பேசுவோம். அதுதான் ஓய்வு. காய்ச்சல் வந்தால் படு; நாரி நொந்தால் படு; சத்திரசிகிச்சை செய்தாற் படு; வயது போனாற் படு. பழைய நாட்களில் மேனாட்டு வைத்தியரும் இங்ஙனமே கூறினர். மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கிற் கட்டிலிற் கிடத்தி, சோற்றையும் பிறரே ஊட்டிய காலம் ஒன்று இருந்தது. 1947 இல் றிச்சேட் ஆஷர் என்னும் ஆங்கில வைத்தியர், படுக்கைக்குப் போவதால் வரும் ஆபத்துக்களைத் தொகுத்து ஒரு கட்டுரை எழுதினார். காலின் நாளங்களிற் குருதி உறைதல், நுரையீரலின் அடிப்பாகத்திற் சளி தங்குதல், தோலிற் படுக்கைப்புண், தசை மெலிதல், மூட்டு இறுகுதல், எலும்பிலிருந்து சுண்ணாம்புச்சத்துக் கழிதல், மலச்சிக்கல், மனச்சோர்வு என்று தலை முதற் கால் வரை எந்த உறுப்பையும் படுக்கை விட்டுவைப்பதில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1952 இல், பொஸ்டன் நகரில் லெவின், லோன் என்னும் இருவர் மாரடைப்பு நோயாளரைக் கட்டிலிலிருந்து இறக்கிக் கதிரையில் அமர்த்தத் துணிந்தனர். பலரும் அஞ்சினர், நோயாளரோ தேறினர்.

இவற்றைக் காட்டிலும் எம் மனத்தை உலுக்கியது ஒரு சிறிய பரிசோதனை. 1966 ஆம் ஆண்டு அமெரிக்காவிலுள்ள டலஸ் நகரில், நோய் ஏதுமில்லாத இருபது வயது இளைஞர் ஐவரை மூன்று வாரம் கட்டிலிற் கிடக்கச் செய்தனர். கடினமான வேலை செய்யும்போது உடல் ஒரு நிமிடத்தில் எவ்வளவு ஒட்சிசனைப் பயன்படுத்த வல்லது என்பதை முன்னும் பின்னும் அளந்தனர். மூன்று வாரத்தில் அந்த வல்லமை நாலில் ஒரு பங்குக்கு மேற் குறைந்துவிட்டது. முப்பது ஆண்டுகளின் பின், 1996 இல், அதே ஐவரும் ஐம்பது வயதினராய்த் திரும்பி வந்தனர். வயிறு பெருத்திருந்தது, எடையும் கூடியிருந்தது. மீண்டும் அளந்து பார்த்தபோது, முப்பது ஆண்டு முதுமை அவர்களிடமிருந்து கவர்ந்த ஆற்றலினும், இருபது வயதில் மூன்று வாரப் படுக்கை கவர்ந்தது அதிகம் என்று தெரியவந்தது! இக்கதை அவ்வளவில் முடியவில்லை. ஐம்பது வயதில் ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி செய்வித்தபோது, இருபது வயதில் இருந்த அளவுக்கு அந்த ஆற்றல் திரும்பியது. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர் முகங்களில் ஒரு மலர்ச்சியைக் காண்கின்றோம். பின்வரிசை இளைஞர் முதற்பாதியையும் மறவாதிருப்பார்களாக.

அப்படியானால் எல்லோரும் இன்றே எழுந்து ஓடுக என்று கூறுவது இயன்மருத்துவமோ? அன்று. மருந்துக்கு அளவு உண்டு; அசைவுக்கும் அளவு உண்டு. எவ்வசைவு, எத்தனை முறை, எவ்வளவு பாரத்தோடு, எத்தனை நாள் இடைவிட்டு என்று வரையறுத்தலே இத்தொழிலின் நுட்பம். இதற்கு முன்னோடியாக நோயாளியை ஆராய்ந்தறிதல் வேண்டும். 2001 இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த முறைப்படி மூன்று நிலைகளில் வினாவுகின்றோம். உடலில் எது பழுது? அப்பழுதினால் அவர் எக்காரியத்தைச் செய்ய இயலாதிருக்கின்றார்? அதனால் அவர் வாழ்வில் எது நின்றுபோயிற்று? முழங்கால் தேய்ந்த ஒரு பாட்டியாரை எண்ணிப் பாருங்கள். எக்ஸ்-கதிர்ப் படம் முதற் கேள்விக்கு மட்டுமே விடை தரும். கிணற்றடிப் படியேற முடியவில்லை என்பது இரண்டாவது. வெள்ளிக்கிழமை கோயில் வீதியைச் சுற்றிவந்து ஆறு மாதமாயிற்று என்பது மூன்றாவது. பாட்டியார் வைத்தியரிடம் போவது மூன்றாவதற்காக. நாமோ முதலாவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கின்றோம். தேய்ந்த என்பு திரும்ப வளராதிருக்கலாம். தொடைத் தசை வலுப்பெற்றால் வீதி வலம் திரும்பக் கூடும்.

இத்துறையின் பிரிவுகளுள் நம் வீடுகளுக்கு மிக அணித்தானது நரம்பு சார்ந்த இயன்மருத்துவம், அதிலும் பாரிசவாதம். மூளையின் ஒரு பகுதிக்குக் குருதி செல்லாமையாலோ, குருதி கசிவதாலோ உடலின் ஒரு பக்கம் செயலிழக்கின்றது. இறந்துபோன மூளைப் பகுதி மீண்டும் உயிர்பெறுவதில்லை. ஆனால், எஞ்சிய பகுதிகள் அதன் வேலையைக் கற்றுக்கொள்ள வல்லன. கற்றலுக்கு என்ன வேண்டும் என்பதை மாணவராகிய எமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை: திரும்பத் திரும்பச் செய்தல். எட்வேட் டோப் என்னும் அமெரிக்க அறிஞர், செயலிழந்த கையைப் பயன்படுத்தாமலே விட்டுவிடும் வழக்கத்தையும் நோயாளி கற்றுக்கொள்கின்றார் என்று காட்டினார். நல்ல கை எல்லாவற்றையும் செய்துவிட, மெலிந்த கை மேலும் மெலிகின்றது. ஆகவே, நல்ல கைக்கு உறை மாட்டிக் கட்டுப்படுத்தி, மெலிந்த கையைக்கொண்டு பல மணிநேரம் வேலை வாங்கும் ஒரு முறையை அவர் வகுத்தார். மணிக்கட்டையும் விரல்களையும் சிறிதளவேனும் அசைக்க வல்ல 222 பேரிடம் இரு வாரம் இம்முறையைச் சோதித்து, 2006 இல் வெளியிட்ட ஆய்வில், வழமையான பராமரிப்புப் பெற்றோரிலும் இவர்கள் கை நன்கு தேறியது புலப்பட்டது.

அளவு பற்றிச் சொன்னோமே, அதற்கும் பாரிசவாதத்திலேயே சான்று உண்டு. நோய் வந்து 24 மணித்தியாலத்துக்குள் நோயாளரை அடிக்கடி எழுப்பி நிறுத்தினால் இன்னும் நல்லதன்றோ என்று கருதி ஐந்து நாடுகளில் 2,104 பேரிடம் சோதித்தனர். 2015 இல் முடிவு வந்தது. நல்ல நிலைக்குத் தேறியவர்கள், அதிகமாக எழுப்பப்பட்ட கூட்டத்தில் நூற்றுக்கு 46 பேர். வழமையான பராமரிப்புப் பெற்ற கூட்டத்தில் 50 பேர். ஆர்வமிகுதியும் கெடுதி செய்யும் என்பதைத் தம் துறையே ஆராய்ந்து வெளியிட்டதை யாம் பெருமையாகவே கருதுகின்றோம்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். அப்பு பாரிசவாதத்தில் விழுந்து, ஆஸ்பத்திரியில் இருந்து, வீடு திரும்புகின்றார். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் பணம் அனுப்புகின்றனர். ஏற்றி இறக்கும் கட்டில் வருகின்றது. பராமரிக்க ஒருவர் அமர்த்தப்படுகின்றார். அப்பு கையை நீட்டித் தண்ணீர்க் குவளையைத் தொடுமுன் மருமகள் ஓடிவருகின்றார். "எழும்பாதேங்கோ அப்பு, என்ன வேணுமெண்டாலும் நாங்கள் எடுத்துத் தாறம்." சோறு பிசைந்து ஊட்டப்படுகின்றது. பல் துலக்குவதும் பிறரே. சட்டைப் பொத்தான் பூட்டுவதும் பிறரே. பார்க்க வருவோர், "பிள்ளைகள் என்றால் இப்படியல்லவோ இருக்கவேண்டும்!" என்று புகழ்ந்து செல்கின்றனர். இஃதே யாம் தொடக்கத்திற் குறித்த காரியம். இதனைச் செய்வோர் கல்நெஞ்சர் அல்லர், அன்புள்ளவர்கள். அதனாலேயே இதனை மறுத்துப் பேசுவது கடினமாயிருக்கின்றது. ஆனால், குவளையை எடுக்க நீளும் அந்தக் கை அப்பொழுது மருந்து உண்ணப் புறப்பட்ட கை. அதனைத் தடுப்பது, வாயருகே கொண்டுபோன மருந்தைத் தட்டிவிடுவதற்கு ஒப்பாகும்.

விழுந்துவிடுவாரே என்ற அச்சம் வீணான அச்சம் அன்று. முதியவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் வரும் துன்பத்தை யாவரும் அறிவோம். அதனாலன்றோ எழுந்து நிற்பதற்கு முன் இயன்மருத்துவர் பார்த்துச் சொல்லல் வேண்டும் என்கின்றோம். அவர் சொன்ன எல்லைக்குள் அப்பு செய்யக்கூடியதை அப்புவே செய்யட்டும். பத்து நிமிடம் சென்றாற் செல்லட்டும். அருகே நின்று காத்தலே நமது தொண்டு. இன்னுமொன்று: தூக்கும்போது செயலிழந்த கையைப் பற்றி இழுக்கலாகாது, கக்கத்திற் கைகொடுத்துத் தூக்கவும் ஆகாது. தசைகள் தளர்ந்த தோள்மூட்டு எளிதில் விலகும்; அதன்பின் வரும் தோள்நோவு மாதக்கணக்கில் நீடித்து, பயிற்சியையே கெடுத்துவிடும். சங்கத்து இளைஞர் நோயாளர் வீடுகளுக்குச் சென்று உதவும்போது இதனை மட்டுமாவது நினைவிற்கொள்ளும்படி கேட்டுக்கொள்கின்றோம்.

மற்றைப் பிரிவுகளை விரைந்து பார்ப்போம். எலும்பு, மூட்டு, தசை சார்ந்த பிரிவே கூட்டம் மிகுந்தது. நாரிநோ, கழுத்துநோ, தோள்நோ எல்லாம் இங்கே வருவன. இதில் ஒரு சுவையான கதை உண்டு. 1956 இல் நியூசிலாந்தில் றொபின் மக்கென்சி என்னும் இயன்மருத்துவரிடம், நாரியிலிருந்து காலுக்கு நோவு பாய்ந்த ஒருவர் வந்திருந்தார். குப்புறப் படுக்கும்படி அவரை உள்ளே அனுப்பினார் மக்கென்சி. கட்டிலின் தலைப்பக்கம் முன்பு வந்த நோயாளிக்காக உயர்த்தி வைத்தபடியே இருந்தது. வந்தவர் அதன்மேலேயே, முதுகு பின்னோக்கி வளையக் குப்புறக் கிடந்தார். ஐந்து நிமிடம் கழித்து வந்த மக்கென்சி, அக்காலத்தில் ஆகாதென்று கருதப்பட்ட நிலையில் அவரைக் கண்டு திடுக்கிட்டார். நோயாளியோ, வாரக்கணக்கில் இருந்த கால்நோவு போய்விட்டது என்றார். இதிலிருந்து ஒரு முழு முறையே பிறந்தது. முதுகை வளைப்பதெல்லாம் எல்லார்க்கும் ஆகும் என்று யாரும் கொள்ளற்க. சிலருக்கு முன்வளைதல், சிலருக்குப் பின்வளைதல், சிலருக்கு இரண்டும் ஆகா. ஆராய்ந்து அறிதல் வேண்டும். ஆனால், சாதாரண நாரிநோவுக்கு நாட்கணக்கிற் படுத்திருத்தல் தீமையே என்பதில் இன்று ஐயமில்லை. நாரிநோவோடு சிறுநீர் போகாமை, மறைவிடத்தில் மரத்தல் ஆகியன சேர்ந்தால் எண்ணெய் தேடாது அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்க. கருவிகளைப் பற்றிக் கேட்பீர்களாயின், எமது துணிபு இது: வெப்பமும் ஒத்தடமும் நோவைச் சிறிது தணித்து அசைவுக்கு வழிவிடும், அவற்றோடு நின்றுவிட்டால் காசுதான் போகும்.

நெஞ்சும் இருதயமும் சார்ந்த பிரிவில், சளியை வெளியேற்றும் முறைகளும், மூச்சுப் பயிற்சியும், மாரடைப்பின் பின் படிப்படியாக நடைபயிற்றுதலும் அடங்கும். 2020 இல் கொவிட் நோய் பரவியபோது மூச்சுத்திணறியவர்களைக் குப்புறப் படுக்கவைத்ததை யாவரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். நுரையீரலின் முதுகுப்பக்கம் திறந்து காற்றை ஏற்கச் செய்தலே அதன் நோக்கம். குழந்தைகள் பிரிவில் முன்னர் இளம்பிள்ளைவாதமே பெரிதாயிருந்தது. அதிலே, கால்களை மட்டைவைத்துக் கட்டி அசையாது வைத்தல் தவறென்று அவுஸ்திரேலியாவின் எலிசபெத் கெனி அம்மையார் வாதாடி, கம்பளித் துணியை வெந்நீரில் நனைத்து ஒத்தடமிட்டுத் தசைகளை அசைப்பித்தார். தடுப்புமருந்தின் பயனாக நம் இலங்கையில் 1993 இன் பின் அந்நோய் தோன்றவில்லை. இப்பொழுது அப்பிரிவினர் பெரிதும் பார்ப்பது, பிறப்பை அடுத்து மூளை பழுதுற்ற குழந்தைகளை. பெண்பாலார் நலப் பிரிவு ஒன்றும் உண்டு. பிள்ளைப்பேற்றின் பின் இருமும்போது சிறுநீர் கசிவதை விதியென்று எண்ணி ஆயுள் முழுவதும் மறைத்துவாழும் தாய்மார் பலர். இடுப்பின் அடித்தளத் தசைகளைச் சுருக்கி விரிக்கும் பயிற்சியால் அது பெரும்பாலும் குறையும். சபையிற் சொல்ல நாணி விட்டுவிடுதல் அவர்களுக்குச் செய்யும் தீங்காகும்.

முள்ளந்தண்டு பழுதுற்றோர் பற்றிச் சற்று நின்று சொல்லவேண்டும். போரினால் அங்கங்களையும் நடையையும் இழந்தோர் நம்மிடையே பலர் வாழ்கின்றனர். 1944 வரை இடுப்பின் கீழ் உணர்விழந்தவர் சில மாதங்களில் படுக்கைப்புண்ணாலோ சிறுநீரக நோயாலோ இறப்பர் என்றே வைத்தியர்கள் கைவிட்டிருந்தனர். அவ்வாண்டு இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டவில் ஆஸ்பத்திரியில் லுட்விக் குட்மன் என்பவர், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அவர்களைப் புரட்டிப் படுக்கவைத்தார். புண் ஆறியவுடன் சும்மா இருக்கவிடாது தோள்களையும் கைகளையும் வலுப்படுத்தி, வேலையும் விளையாட்டும் கொடுத்தார். 1948 இல் பதினாறு பேர் சக்கர நாற்காலியிலிருந்து அம்பெய்தனர். அதுவே வளர்ந்து 1960 இல் ரோமாபுரியில் பராலிம்பிக் விளையாட்டாயிற்று.

வேலூரிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. மேரி வர்கீஸ் என்னும் இளம் பெண் வைத்தியர் 1954 இல் வீதி விபத்தில் இரு கால்களின் இயக்கத்தையும் இழந்தார். அவருடைய ஆசிரியர் போல் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய விரல்களுக்குத் தசைநாண்களை மாற்றிப் பொருத்தும் சிகிச்சையிற் பேர்பெற்றவர். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அந்தச் சத்திரசிகிச்சையைக் கற்றுச் செய்தார். நோயாளர் அவரைக் கண்டு என்ன நினைத்திருப்பர் என்பதை ஊகித்துக்கொள்க. நாணை மாற்றிப் பொருத்தியதோடு கை வேலைசெய்துவிடாது. முன்னர் வேறு வேலை செய்த தசைக்குப் புதுவேலையைக் கற்பித்தல் இயன்மருத்துவரின் பங்கு. பின்னர் அவர் நியூயோர்க்கிற் பயின்று வந்து, 1966 இல் வேலூரில் புனர்வாழ்வு நிலையம் ஒன்றைத் தொடங்கினார். நம் யாழ்ப்பாணத்திலே ஜெய்ப்பூர்க் கால் பொருத்தி நடைபயிற்றும் நிலையமும் அவ்வழியிற் செல்வதே. செயற்கைக் கால் கிடைத்ததும் காரியம் முடிந்தது என்று உதவுவோர் பலர் எண்ணுகின்றனர். வெட்டப்பட்ட காலின் மூட்டு மடங்கி இறுகாமற் காத்து, இடுப்புத் தசையை வலுப்படுத்தி, நிற்கவும் விழாமல் திரும்பவும் பயிற்றாவிடின் அந்தக் கால் வீட்டு மூலையிற் கிடந்துவிடும்.

இப்பொருளைப் பேசுமிடமெல்லாம் எம்மை நோக்கி எழும் வினா ஒன்று உண்டு: "தம்பி, இந்த வயதில் இனிப் பயிற்சி செய்து என்ன?" 1990 இல் பொஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் 86 முதல் 96 வயது வரையுள்ள பத்துப் பேர் எட்டு வாரம் கால்களாற் பாரம் தூக்கிப் பயின்றனர். அவர்கள் தொடைத் தசையின் வலிமை சராசரியாக நூற்றுக்கு 174 பங்கு கூடியது. அவர்களுள் இருவர் ஊன்றுகோலை விட்டனர். பயிற்சியை நிறுத்திய நான்கு வாரத்திற் பெற்ற வலிமையில் ஒரு பகுதி கழிந்தும் போயிற்று.

பாரம் வாங்கப் பணம் வேண்டுவதில்லை. நமது உடம்பே பாரம். நம் வீடுகளிலுள்ள சாய்மனைக் கதிரை தாழ்ந்தும் பின்சாய்ந்தும் இருப்பதால், அதிலிருந்து எழுதல் முதியவருக்கு மிகக் கடினம். ஆதலால், சுவரோடு சார்த்திய உயர்ந்த, கைப்பிடியுள்ள கதிரையில் முதலிற் பழகுக. பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்து, மூக்கு முழங்காலுக்கு நேரே வரும்வரை முன்சாய்ந்து எழுக, மெல்ல அமர்க, பொத்தென்று விழற்க. கைப்பிடியின் உதவியை நாளடைவிற் குறைத்துக்கொள்க. பத்துமுறை எளிதானபின் சற்றுத் தாழ்ந்த கதிரைக்கு மாறுக. நெஞ்சுநோவோ தலைச்சுற்றோ உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டே தொடங்குதல் வேண்டும். இதனை இப்பொழுது மேடையிற் செய்துகாட்டுவோம். முழங்கால் நோவுள்ள பெரியோர் விரும்பினால் முன்வந்து எம்மோடு செய்யலாம். பேரப்பிள்ளைகள் அருகில் நிற்க. கையைப் பிடித்து இழுக்கவேண்டாம்.